பரிணாமப் பாடத்தை ஓட்டிவிடாமல் நடத்துவது எப்படி?

பணியில் சேர்ந்த முதல் நான்கு வருடம் நான் இந்தப் பாடத்தை நடத்தவே இல்லை. நோட்ஸ் மட்டும் கொடுத்தேன். "லாமார்க் ஒன்று, டார்வின் ஒன்று, ஆர்க்கியாப்டெரிக்ஸ் ஒன்று. பப்ளிக்கில் இதற்கு மேல் வராது, எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுவேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் இந்த அலகு பின்பாதியில் வருகிறது. நாம் அதைத் தொடுவதற்குள் அரையாண்டு முடிந்து, திருப்புதல் தேர்வு நெருங்கி, "போர்ஷன் முடிஞ்சுதா?" என்று தலைமையாசிரியர் கேட்க ஆரம்பித்திருப்பார். நல்ல சாக்கு. உண்மைக் காரணம் வேறு. கடைசி பெஞ்சிலிருந்து "மிஸ், அப்போ சாமி நம்மளப் படைக்கலையா?" என்று ஒரு குரல் வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அரியலூர் மாவட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல், பிறகு பதவி உயர்வில் மேல்நிலைக்கு விலங்கியல். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்கள் இந்தப் பாடத்தைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். ஆறு பீரியட் ஒதுக்குங்கள், போதும்.

முதல் பீரியடில் டார்வின் வேண்டாம், சொற்களைப் பாருங்கள்

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் வரும் பாதிச் சிக்கல் மதத்தால் வருவதில்லை, தமிழால் வருகிறது. "பரிணாமம்" என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பில் பாதிப் பேர் "பரிமாணம்" என்று எழுதுவார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்லுங்கள். அப்புறம் "பரிணாம வளர்ச்சி" என்ற வழக்கு. வளர்ச்சி என்று சேர்த்ததும் மாடிப்படி நினைவுக்கு வந்துவிடுகிறது: கீழ்ப்படியில் மீன், மேல்படியில் நாம். குகையில் வாழும் மீன் கண்ணை இழந்ததும் பரிணாமம்தான். அதில் என்ன வளர்ச்சி? நான் "வளர்ச்சி"யை வெட்டிவிட்டு வெறும் பரிணாமம் என்றே சொல்வேன். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குக் "கூர்ப்பு" என்று பெயர். ஒரு தடவை அதையும் எழுதிக் காட்டுங்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு அது புதுச் சொல் என்பதால் பழைய அர்த்தம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது.

"கொள்கை" இன்னொரு வம்பு. டார்வின் கொள்கை என்றால் கட்சிக் கொள்கை மாதிரிதான் காதில் விழுகிறது: அவருக்கு ஒரு கொள்கை, எங்கள் அப்பாவுக்கு ஒரு கொள்கை. கோட்பாடு என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஏராளமான சான்றுகளைச் சேர்த்துக் கட்டி நிற்கிற விளக்கம் அது, யூகம் இல்லை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். "இயற்கைத் தேர்வு" என்றதும் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "பாஸ் மார்க் எவ்ளோ மிஸ்?" சிரித்தோம், ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. தேர்வு என்றால் அவனுக்குக் கேள்வித்தாள்தான். இங்கே கேள்வித்தாளும் இல்லை, திருத்துகிறவரும் இல்லை.

எல்லாவற்றையும்விடக் குறும்பு செய்வது "கொள்" என்ற துணைவினை. "பூச்சி எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொண்டது", "ஒட்டகம் தன்னைத் தகவமைத்துக்கொண்டது" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். கேட்கிற பிள்ளைக்குப் பூச்சி உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்த மாதிரி இருக்கிறது. அது லாமார்க்: உயிர் தன் தேவைக்கேற்பத் தன்னை மாற்றி, அந்த மாற்றத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் என்றவர். வகுப்பில் நீங்கள் பேசும்போது இந்தக் "கொண்டது" வாயில் வந்தால் உடனே திருத்துங்கள்: "ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்த சில பூச்சிகள் பிழைத்தன, அவற்றின் குஞ்சுகள் பெருகின." நீளமாக இருக்கும். இருக்கட்டும்.

கல்லைக் கையில் கொடுங்கள்

இந்த விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு வருடம் ஒரு பையன், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவரின் மகன், சாப்பாட்டுப் பையில் ஒரு கல்லைப் போட்டுக் கொண்டுவந்தான். உள்ளங்கை அளவு. கைமுறுக்கு சுற்றியது போல ஒரே சுருள், மேலே வரிவரியாக விலா எலும்பு மாதிரி மேடுகள். ஒரு ஓரம் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன அறைகள், அறைக்கு அறை சுவர். சில அறைகளில் கல்கண்டு மாதிரிப் படிகம் மின்னியது.

பெயரைச் சொல்லாதீர்கள். சுற்றில் விடுங்கள், ஒவ்வொருவரும் தடவிப் பார்க்கட்டும். அப்புறம் கேள்வி கேளுங்கள். இது என்ன? "நத்தை மிஸ்." நத்தை ஓட்டை உடைத்தால் உள்ளே அறை அறையாகச் சுவர் இருக்குமா? யாராவது ஒருவர் நத்தையை மிதித்த அனுபவத்தோடு இருப்பார்: இருக்காது. அப்படியானால் யாருக்கு இருக்கும்? இப்போது நாட்டிலஸ் படத்தைக் காட்டுங்கள், இன்றும் கடலில் வாழும், அறை அறையான ஓடுள்ள உயிர். கணவாய் மீன் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இது அதன் சொந்தக்காரன். அம்மோனைட். கடலில் வாழ்ந்த தலைக்காலி. டைனோசர்கள் அழிந்த அதே சமயத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இதுவும் பூண்டோடு போனது. சரி, கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம்? கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். அப்புறம் இது எப்படி உன் அப்பா லாரியில் வந்தது? இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகும். அந்த அமைதியை நீங்கள் பேசிக் கெடுக்காதீர்கள்.

அடுக்குகளைப் பற்றி அடுத்த நாள் சொல்லலாம். 1860களில் பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் இந்தப் பகுதிப் பாறைகளை மூன்று தொகுதியாகப் பிரித்தார். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர். இன்றுவரை புவியியல் நூல்களில் அந்தப் பெயர்கள்தான். தன் ஊர்ப் பெயரில் பாறை இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடி அடுக்கில் கிடைக்கும் அம்மோனைட் வகைகள் மேல் அடுக்கில் கிடைப்பதில்லை, அங்கே வேறு வகைகள். எல்லாம் ஒரே நாளில் உண்டாகி ஒன்றாக வாழ்ந்திருந்தால் ஏன் கலந்து கிடக்கவில்லை? கேள்வியை அவர்களிடமே விடுங்கள்.

உங்கள் ஊரில் இப்படிக் கல் கிடைக்காதா? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரப் பூங்காவே இருக்கிறது. கூட்டிப் போங்கள். ஒன்று மட்டும்: கல்மரத்திலிருந்து துண்டு உடைக்க விடாதீர்கள், சுரங்கப் பள்ளத்தில் இறங்கவும் விடாதீர்கள். பேருந்துக்கு வழியில்லை என்றால் உடம்பே போதும். கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டிக்கொண்டு மணிக்கட்டை லேசாக மடக்கச் சொல்லுங்கள். பலருக்கு நடுவில் ஒரு நரம்பு மாதிரித் தசைநாண் துருத்தும். சிலருக்கு இருக்கவே இருக்காது. இல்லாதவர்களுக்குப் பிடிமானத்தில் ஒரு குறையும் இல்லை. எச்ச உறுப்பு என்ற தலைப்பை அதற்குப் பிறகு எழுதினால் யாரும் மறக்கமாட்டார்கள்.

அந்தக் கல்லுக்கு ஒரு பின்கதை உண்டு. சுற்றில் போனபோது ஒரு மாணவி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மிஸ், இது எங்க தாத்தா வீட்டுல இருக்கிற சாளக்கிராமம்." அவள் சொன்னது சரி. நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் அம்மோனைட் புதைபடிவங்களே. சக்கரம் என்று வணங்கப்படுவது அந்தச் சுருள்தான். "அப்போ அது சாமி இல்லையா?" என்று உடனே இன்னொருத்தி. நான் சொன்னது: "உன் தாத்தா பூசை அறையில் அது என்ன என்று தாத்தாதான் சொல்ல வேண்டும். இந்த மேசைமேல் இருக்கிறவரை அதற்குள் எத்தனை அறை இருக்கிறது என்று நாம் எண்ணலாம்." எண்ணினோம்.

சாமிக் கேள்விக்கு நான் சொல்லும் பதில்

கேள்வி வரும். வரவில்லை என்றால் யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அறிவியல் பீரியடில் நான் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கல்லோ எலும்போ காட்ட வேண்டும். கடவுள் உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் காட்ட என்னிடம் கல் கிடையாது. அதனால் பேசமாட்டேன். ஆனால் பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்று யாராவது சொன்னால், அதற்குக் கல் இருக்கிறது. அந்தக் கல் 454 கோடி ஆண்டு என்கிறது."

இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். சண்டை வேண்டாம் என்று பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். "நீங்கள் இதை நம்புகிறீர்களா, கையைத் தூக்குங்கள்" என்று மட்டும் எந்தக் காலத்திலும் கேட்காதீர்கள். நான் ஒரு முறை கேட்டேன். மூன்று பிள்ளைகள் கையைப் பாதி தூக்கிவிட்டு, பக்கத்தில் பார்த்து, இறக்கினார்கள். அந்த மூன்று முகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. நம் வேலை புரியவைப்பது. நம்பவைப்பது நம் வேலையில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில், உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்கிற சிறப்புப் படைப்புக் கோட்பாடும் சில வரிகளில் வருகிறது. அதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள், கேலியில்லாமல். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: இது தவறாக இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே கேள்வியை டார்வினுக்கும் கேளுங்கள். பாலூட்டிகளே இல்லாத காலத்துக் கீழ்ப் பாறையில் முயல் எலும்பு கிடைத்தால் டார்வின் மாட்டிக்கொள்வார். கிடைக்கவில்லை.

"தசாவதாரத்திலேயே இதெல்லாம் இருக்கு மிஸ், மீன், ஆமை, பன்றி, அப்புறம் மனுஷன்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பாராட்டுங்கள், வரிசை ஞாபகம் வைத்திருக்கிறார். ஆனால் மச்சத்துக்குப் பிறந்தது கூர்மம் இல்லை. ஒரே பெருமாள் பத்துத் தடவை வந்த கதை அது. பரிணாமம் சந்ததியைப் பற்றிய பேச்சு. கத்தோலிக்கப் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய, ஏலாக்குறிச்சி மாதா கோவில் பக்கத்தில்தான். அவர்களிடம், மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் ஒரு துறவி, 1996இல் போப் இரண்டாம் ஜான் பால் பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்றார் என்று சொல்வேன், முகம் தெளியும். இதையே பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள், போப் சொன்னால் அவர்களுக்கு என்ன? முஸ்லிம் மாணவிக்குக் குர்ஆன் விளக்கமும் சொல்லப் போகாதீர்கள். அடுத்தவர் வேதத்துக்கு உரை எழுதுவது நம் சப்ஜெக்ட் இல்லை.

குரங்கு வரும் பீரியட்

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னா, இப்ப ஏன் குரங்கு இருக்கு?" இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பங்காளி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. உன் பங்காளி வீட்டுப் பையனிடமிருந்தா நீ பிறந்தாய்? இல்லை. இரண்டு பேருக்கும் மேலே ஒரே பாட்டன். சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. அந்தப் பொதுப் பாட்டன் சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. காலம் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். குலதெய்வம் கும்பிட ஒன்றுகூடும் பங்காளிகளைப் பார்த்த பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை.

ஒரு எச்சரிக்கை. குனிந்த குரங்கு நிமிர்ந்து நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசைப் படத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள். தப்பான படம் என்பது ஒரு பக்கம், ஏணியைக் காட்டுகிறது. இன்னொன்று, பல போஸ்டர்களில் கறுப்பில் ஆரம்பித்து வெளுப்பில் முடிகிறது. நான் ஒட்டிய வருடம், ஒரு பையனை அவன் நிறத்துக்காக மற்றவர்கள் மூன்றாவது உருவத்தின் பெயரால் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரியவே இரண்டு வாரம் ஆனது. படத்தைக் கிழித்தேன். அதோடு சரியாகிவிடவில்லை.

இயற்கைத் தேர்வை விளையாட வைப்பது

முதலில் நான் பயறை வைத்து விளையாடினேன். பச்சைத் துணியில் பச்சைப் பயறு 50, வெள்ளைக் காராமணி 50. பிள்ளைகள் கோழிகள். 60 மணியைப் பொறுக்கியதும் நிறுத்தச் சொன்னேன். மிஞ்சியது பச்சை 32, வெள்ளை 8. மிஞ்சிய ஒவ்வொரு இரண்டுக்கும் மூன்று குஞ்சு என்று கணக்கு வைத்துச் சேர்த்தால் பச்சை 80, வெள்ளை 20. அடுத்த சுற்று. நிறம்தான் காப்பாற்றியது என்று நான் முடிக்கப் போகும்போது ஒரு பெண் எழுந்தாள்: "மிஸ், காராமணி பெருசு. கைக்கு ஈசியா வருது. நிறத்தால இல்ல."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவள் சொன்னதுதான் சரி. மறுநாள் ஆபீஸ் ரூமிலிருந்து பஞ்சிங் மெஷினை வாங்கிவந்து, பச்சை, வெள்ளைக் காகிதத்தில் ஒரே அளவுப் பொட்டுகள் போட்டோம். அதே துணி. இப்போதும் பச்சை ஜெயித்தது, ஆனால் முன்பு மாதிரி அடித்துத் தூக்கவில்லை. இப்போதெல்லாம் வேண்டுமென்றே பயறிலேயே தொடங்குகிறேன். யாராவது அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கும்வரை பஞ்சிங் மெஷின் பீரோவில்தான் இருக்கும்.

வெளியிலிருந்து வரும் பேச்சு

பிள்ளைகள் யூடியூபில் தமிழ்க் குரலில் ஓடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கண் இவ்வளவு சிக்கலாக இருக்கிறதே, தானாக வந்திருக்குமா என்பது போன்ற வாதங்களில் பல அமெரிக்கச் சண்டையிலிருந்து அப்படியே இறக்குமதியானவை. அதனால் அந்தச் சண்டையைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். 1925இல் டென்னசி மாநிலம் டேட்டனில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்குப் பரிணாமம் நடத்தியதற்கு 100 டாலர் அபராதம். மேல்முறையீட்டில் தீர்ப்பு விழுந்தது, சட்டம் விழவில்லை, அது 1967 வரை இருந்தது. பிறகு அரசுப் பள்ளியில் படைப்புவாதம் நடத்துவதையே 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்தது. உடனே அது "அறிவார்ந்த வடிவமைப்பு" என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவரில் நடந்த வழக்கில், அந்தப் பக்கத்தார் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய வரைவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 1987க்கு முந்தைய வரைவில் "படைப்புவாதிகள்" என்று இருந்த இடங்களில் புதியதில் "வடிவமைப்பு ஆதரவாளர்கள்". ஒரே ஒரு இடத்தில் அவசரத்தில் பழைய சொல்லை முழுதாக அழிக்காமல், அதன் தலையும் வாலும் ஒட்டிக்கொண்டிருக்க நடுவில் புதுச் சொல் நுழைந்திருந்தது. இடைப்பட்ட வடிவம் எங்கே என்று கேட்கிறவர்களின் புத்தகத்திலேயே ஓர் இடைப்பட்ட வடிவம்! ஊர்வனவற்றுக்கும் பறவைக்கும் இடைப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸை நடத்திய கையோடு சொன்னால் வகுப்பு கைதட்டும்.

அங்கேயும் மக்கள் மனசு இரண்டாகப் பிளந்து கிடக்கவில்லை. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1982 முதல் கேட்டுவருகிறது. கடவுள் மனிதனை இன்றைய உருவத்திலேயே படைத்தார் என்றவர்கள் அப்போது 44 சதவீதம், 2024இல் 37. பரிணாமம் நடந்தது, கடவுள் நடத்தினார் என்பவர்கள் 34. என் வகுப்பு வீடுகளில் பெரும்பாலானவை இந்த நடு வரிசைதான் என்பது என் கணிப்பு.

நம் நாட்டுக் கதையும் தெரிந்திருக்கட்டும். 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் தவறு, பாடத்தை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுத்தன. பிறகு பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்று, மத்தியப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை எடுத்தது. "மரபும் பரிணாமமும்" என்றிருந்த அத்தியாயம் "மரபு" என்று சுருங்கியது. 2023இல் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டில் இருக்கிறதே என்கிறார்கள். உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு அது இல்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. இருப்பதை நடத்தாமல் விட்டால் எடுத்துவிட்டதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

தலைமையாசிரியர் தயங்கினால் அரசியலமைப்பின் 51ஏ பிரிவைச் சொல்லுங்கள், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்பது 28ஆவது பிரிவு. அது இரண்டு பக்கமும் வெட்டும். ஒரு தந்தை, கறுப்புச் சட்டைக்காரர், என்னைத் தேடி வந்து "சாமி இல்லைன்னு பிள்ளைங்களுக்கு நல்லாச் சொல்லிக் குடுங்கம்மா" என்று கைகூப்பினார். "அண்ணே, அதுவும் என் பாடத்தில் இல்லை" என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

இன்னொரு தந்தை, பருத்தி விவசாயி. வேதாகமம் கையில். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. எம்பொண்ணுக்கு வீட்டுல ஒண்ணு சொல்றோம், நீங்க இங்க ஒண்ணு சொல்றீங்க." நாற்காலி போட்டு, புத்தகத்தைத் திறந்து முழுப் பாடத்தையும் காட்டினேன். இப்படிப்பட்டவர்களிடம் வாதாடாதீர்கள், எதை நடத்துகிறோம் என்று காட்டுங்கள், அதுவே பாதிக் கோபத்தைத் தணித்துவிடும். அப்புறம் பேச்சு பருத்திக்குப் போனது.

"எங்க டீச்சர், எல்லாம் புழு. அந்த பி.டி. பருத்தி விதை, புழுவைக் கொல்லும்னாங்களே, அது புதுசா வந்தப்ப காயில ஒண்ணுகூடக் கிடையாது. இப்ப அதையே தின்னுட்டு வளருது."

"அதைத்தாண்ணே வகுப்பில சொல்றேன். ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும். இப்ப இருக்கறது பூரா அதோட பிள்ளைகுட்டி."

கொஞ்ச நேரம் யோசித்தார். "புழு புழுவாத்தான டீச்சர் இருக்கு?"

"ஆமாண்ணே. அதுக்கு மேல பாக்கணும்னா பத்து வருஷம் பத்தாது. கல்லுலதான் பாக்கணும்." அம்மோனைட்டைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீ குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

திருப்புதல் தேர்வில் அவர் மகள் இயற்கைத் தேர்வை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். மிகை உற்பத்தி, வாழ்க்கைப் போராட்டம், மாறுபாடுகள், பருத்திப் புழு உதாரணம், ஒன்றும் விடவில்லை. கடைசியில் கோடு போட்டு, சின்ன எழுத்தில்: "இது புத்தகத்தில் உள்ளது. எங்கள் வீட்டில் வேறு மாதிரி." ஐந்துக்கு ஐந்து போட்டேன். அந்த வரியின்மேல் என் பேனா படவில்லை. "பரிமாணம்" என்று எழுதியிருந்த இரண்டு இடத்தில் மட்டும் சிவப்பு வட்டம்.